படகின் பச்சை

இல்லை, ஜெஸீலா கணினியில் விளையாடிக்கொண்டிருக்கவில்லை. ஊர் வாய்க்கு என்ன தெரியும்? கடலுக்குப் போன அவள் கணவன் முபீதின் படகு திரும்பவில்லை. தேடும் அறிவித்தலில் போட அந்தப் படகின் பச்சையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாண அட்டை வடிவமைக்கிற கை அது. படகில் சாய்ந்து நின்று முபீத் எடுத்துக்கொண்ட படத்தைத் திரையில் பெரிதாக்கி, படகின் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தினால் அந்த இடத்து நிறம் கிடைக்கும். நிழலில் கறுப்பாக வந்தது, வெயிலில் வெளிறி வந்தது. அவள் விடவில்லை.

“புருசன் மவுத்தானா வீட்டுக்குள்ள இத்தா இரிக்கோணும். நீ கலர் பாக்கிறியா புள்ள?” என்றாள் பக்கத்து வீட்டு சுபைதா. இத்தா என்றால், கணவன் இறந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டாமல் இருப்பது.

“கரையொதுங்கின மையத்தக் கண்டீங்களா மாமி? கண்டா செல்லுங்க, இரிக்கன். இந்தப் பச்சய வெச்சித்தான் அவரத் தேடுவாங்க.”

கடைசியில் முபீத் சாய்ந்து நின்ற ஓரத்தில் சரியான பச்சை கிடைத்தது. அச்சடித்த தாள்களோடு, கரையிலுள்ள மீனவர்களிடம் கொடுக்க, எல்லாரும் பார்த்திருக்கப் பட்டப்பகலில் வாசலைத் தாண்டினாள்.