சட்டைக் கையில் கண்டவர்

"அக்கா, நம்ம இஸ்திரிக்காரம்மா போயிட்டாங்க" என்று என் தம்பி ராஜு சென்ற செவ்வாய்க்கிழமை ஒட்டன்சத்திரத்திலிருந்து தொலைபேசியில் சொன்னான். அந்தச் செய்தியைச் சொல்ல அவன் உயிரோடு இருப்பதற்கே அந்த இஸ்திரிக்காரம்மா, சூசையம்மாள்தான் காரணம். நம் தெருமுனையில் அவர் வண்டியில் துணி கொடுத்த உங்களில் பலருக்கு இது தெரியாது. அவர் சொல்லியிருக்க மாட்டார்.

ஆண்டு 1998. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் பேராசிரியை. மருந்து விற்பனைப் பிரதிநிதியான தம்பி என்னுடன் தங்கியிருந்தான். சாப்பிடும்போதே கண் செருகும்; அலைச்சல் என்று நினைத்தேன். பங்குனி வெயிலிலும் முழுக்கைச் சட்டை. உத்தியோக மிடுக்கு என்று நினைத்தேன். அபினியிலிருந்து எடுக்கும் மருந்துகளின் மூலக்கூறு அமைப்பைக் கரும்பலகையில் புத்தகம் பாராமல் வரைபவள் நான்.

ஒரு நாள் சூசையம்மாள் அவன் சட்டைகளைத் தேய்க்காமலே கொண்டுவந்து விரித்தார். இடது முழங்கை மடிப்பில் கடுகளவு பழுப்புப் புள்ளிகள்.

"கொசு கடிச்சிருக்கும்" என்றேன்.

"மூணு சட்டையிலயும் ஒரே எடத்துலயா? அம்புட்டுப் படிச்ச கொசுவா, டீச்சரம்மா?"

"உங்ககிட்ட துணியத் தேய்க்கத்தான குடுத்தேன்? வேவு பாக்கவா?"

அவர் அசையவில்லை. "எம் பெரிய மகன் சட்டையிலயும் இப்பிடித்தான் இருந்துச்சு. வெறுங் கறைன்னு நெனச்சு சோப்புப் போட்டுக் கசக்குனேன். கறை போயிரும். அவனும் போயிட்டான்."

அந்த மகன் மஞ்சள் காமாலையில் இறந்தான் என்றுதான் தெரு அறியும். அவர் மகள் சம்மதித்ததால் எழுதுகிறேன்.

"சத்தம் போடாதீங்க. ஈஸ்டருக்கு அரைக்கைச் சட்டை எடுத்துக் குடுங்க. தம்பி அதப் போட்டுக்கிட்டா நான் பொய்க்காரி. மறுநா இந்தத் தெருவுல வண்டி நிக்காது."

பிழைப்பையே பணயமாக வைத்த அவரை அன்று அண்ணாந்து பார்த்தேன். இன்னும் தலை தாழவில்லை.

ஈஸ்டர் காலையில் தம்பி புதுச்சட்டையைப் பிரிக்காமலே, "அளவு பத்தாதுக்கா" என்றான்.

"எம்புட்டு நாளாடா ஊசி போடுற?"

சட்டையை மேசையில் வைத்துவிட்டு, "ரெண்டு வருசம்" என்றான்.

மதுரையில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவன் ஓராண்டில் மறுபடி விழுந்தான். அதையும் முதலில் கண்டவர் அவர்தான். "ரெண்டு வாரமாத் தம்பி சட்டை ஒன்னும் வரலையே. தானே தொவச்சுத் தேச்சுக்கிறாகளா? நம்ம வீட்டு ஆம்பளைக எப்பத்துலருந்து இம்புட்டுத் திருந்துனாக?" துணியில் தெரிந்ததைப் படித்ததாவது எனக்குப் புரிகிறது. வராத துணியையும் படித்தாரே! மறுநாளே தம்பியை மீண்டும் மதுரைக்கு அழைத்துச் சென்றேன். இரண்டாம் முறை எழுந்தவன் இன்றுவரை நிற்கிறான்.

முப்பத்தோர் ஆண்டுகள், விடை எனக்குத் தெரிந்த கேள்விகளையே கேட்டுச் சம்பளம் வாங்கினேன். விடையை நினைத்து நடுங்கும்போதும் கேட்டுவிட வேண்டும் என்பது சூசையம்மாளிடமிருந்து வந்தது. அதன்பின் மூன்று வீடுகளில், பிள்ளை ஊசி போடுகிறானா என்று கேட்டிருக்கிறேன். இரண்டு வீட்டார் என்னோடு பேசுவதில்லை. மூன்றாம் வீட்டில் பிள்ளை பிழைத்தான். அவர் விட்டுச்சென்ற அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன்.