கரன்ட் கட்டுக்காகக் காத்திருந்தவர்கள்

மின்வெட்டு வந்தால் மகிழ்கிற யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன் — கடலூரில், கெடிலம் கரையோரக் குடிசைப் பகுதி ஒன்றில்.

சில மாதங்களுக்கு முன், அங்குள்ள மகளிர் சுயஉதவிக் குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பால்வாடிக் கட்டடம், பொழுது சாயும் நேரம். பேச்சு சூடு பிடித்தபோது கரன்ட் போய்விட்டது. நான் வழக்கம்போல் சலித்துக்கொண்டேன். அவர்களோ சட்டென்று எழுந்துவிட்டார்கள்!

“உக்காந்திருங்க மேடம், தோ வந்துடறோம்” என்றார் குழுத் தலைவி கஸ்தூரி. துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர்.

“எங்கே கிளம்பிட்டீங்க?”

“இப்ப வுட்டா கரன்ட் வந்துடும் மேடம்!”

சிரித்தபடியே இருட்டில் கலைந்து போனார்கள். சற்று நேரம் கழித்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி உண்டு. கழிப்பறை ஒன்றுகூட இல்லை. இருட்டியபின் பெண்கள் ஒதுங்குவது பின்னாலிருந்த வேலிக்காத்தான் புதர்களுக்குள். இப்போது அங்கே பளிச்சென்று ஒரு தெருவிளக்கு நின்றது. சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால்கூட ஆள் தெரியும். போதாக்குறைக்கு, நல்ல வெளிச்சமாயிற்றே என்று ஆண்கள் கேரம் போர்டை அங்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்த விளக்கைக் கேட்டது யார்? இதே பெண்கள்தான்.

வார்டு கூட்டத்தில் கவுன்சிலர், “உங்களுக்கு என்னம்மா வேணும், கூச்சப்படாம சொல்லுங்க” என்றிருக்கிறார். எதிரில் கணவர்கள், மாமனார்கள், கொழுந்தன்கள். கூச்சப்படாமல் எப்படி? ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் கஸ்தூரி எழுந்து, “பின்னால பாம்பு ஜாஸ்தியா கீது சார். ஒரு லைட்டு போட்டுக் குடுங்க” என்றாராம்.

‘கக்கூஸ்’ என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. அதற்குப் பக்கத்தில் இருந்த சொல் வெளியே வந்தது. கவுன்சிலரும் சொன்னபடியே செய்துவிட்டார்... அதுதான் வினை!

அதிகம் பாதிக்கப்பட்டவள் கஸ்தூரியின் மகள் செல்வி. பத்தாம் வகுப்பு. மாலையில் மின்வெட்டு வருமா வராதா என்று தெரியாததால், காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஆஸ்பத்திரி. “பரீச்ச எழுதல, ஸ்கூலுக்கும் போவல” என்று வீட்டு மூலையில் சுருண்டு படுத்திருந்தாள்.

“பல்பை உடைச்சிட்டா என்ன அக்கா?” என்று, கூட்டத்துக்குத் திரும்பி வந்ததும் ஒரு பெண் கேட்டார்.

“உடைச்சா பாம்பு திரும்பி வந்துடும்டி. அப்புறம் அதுக்கும் ஒரு கூட்டம் போடணும்” என்றார் கஸ்தூரி.

எனக்கும் அதே குழப்பம்தான். விளக்கு இருந்தால் மானம் போகிறது. இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து. “யாருக்கும் தெரியாமல் நான் ஒரு மனு எழுதிக் கொடுத்துவிடட்டுமா?” என்றேன்.

“வேணாம் மேடம். வாய்க்குள்ளயே வெச்சிக்கினுதான் இந்தக் கதி” என்றார் கஸ்தூரி.

மறுநாள் மாலை, குழுக் கூட்டம் அந்த விளக்கடியிலேயே கூடியது. கேரம் ஆட வந்த ஆண்கள் திகைத்து நின்றார்கள். கஸ்தூரியின் கணவர் அன்பு போர்டைத் தலையில் வைத்தபடியே சத்தம் போட்டார்.

“இன்னாடி இது, எங்க எடத்துல வந்து குந்திக்கினு?”

“உங்க எடமா? லைட்டு வர்றதுக்கு முன்னால நாங்க ஒதுங்குன எடம் மாமா இது. தெரியாத மாதிரி கேக்கிறியே. ஒம் பொண்ணு எதனால படுத்துக் கெடக்கிறான்னு நெனச்ச?”

அந்த ஆண்களுக்குத் தெரியாத செய்தியா அது? தெரியும். வாய்விட்டுச் சொல்லாதவரை, தெரியாததுபோல் இருந்துவிடலாம் — அவ்வளவுதான்.

அன்பு போர்டை இறக்கினார். “வா மச்சான், வேற எடம் பாப்போம்” என்று கூட்டாளியை இழுத்துக்கொண்டு நடந்தார். அடுத்த நாளே புதரின் முன்னால் கீற்றுத் தட்டி கட்டி மறைத்ததும் அவர்தான்.

தட்டி எத்தனை மழைக்குத் தாங்கும்? எனவே திங்கட்கிழமை மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எல்லோரும் கிளம்பினார்கள், ஆண்களும் சேர்த்து. கஸ்தூரி அதிகாரி முன் நின்று, “எங்களுக்குக் கக்கூஸ் வேணும் சார்” என்றார். பின்னாலிருந்து ஒருவர், “கழிப்பறைன்னு சொல்லும்மா” என்று கிசுகிசுத்தார்.

“எப்படிச் சொன்னாலும் சரிங்க. கதவு இருக்கணும், தாப்பா உள்பக்கம் இருக்கணும்!”

அதிகாரி சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். இடம் பார்க்க ஆள் அனுப்பினார்.

போன மாதம் கழிப்பறை திறந்தாயிற்று. திறப்பது எளிது, பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிப்பறைகள் நம் ஊர்களில் கொஞ்சமா? அதனால் சாவியைக் குழுவே வாங்கி வைத்திருக்கிறது. கழுவிவிடுவது வீட்டுக்கு வீடு முறை. அன்புவின் முறை வந்த அன்று வேடிக்கை பார்க்கவே ஒரு கும்பல் கூடியதாம்! செல்வி மறுபடி பள்ளிக்குப் போகிறாள், பையில் தண்ணீர் பாட்டிலோடு.

நமக்கு வேண்டியதையா நாம் கேட்கிறோம்? நாலு பேர் முன்னால் சொல்லக் கூடியதைத்தானே கேட்கிறோம்? பல நல்ல திட்டங்கள் ஒரு முழம் தள்ளிப்போய் விழுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சென்ற வாரம் மீண்டும் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். திட்டக்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண் ஒருத்தி கஸ்தூரியிடம் நகர்ந்து, காதோரம் ஏதோ முணுமுணுத்தாள்.

“எங்காதுல எதுக்குச் சொல்ற? எழுந்து நின்னு சொல்லு” என்றார் கஸ்தூரி.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.