புளுகுணி சொன்ன நிஜம்

தன் முடிவெட்டும் கடையில் அவர் அளக்காத கதை கிடையாது. சர்க்கஸ் சிங்கத்துக்கே கிருதா ஒதுக்கியதாகச் சொல்வார். கழுத்தில் கத்தி இருப்பதால் கேட்பவர்கள் அசையாமல் சிரிப்பார்கள். தெருவில் அவருக்குப் புளுகுணி அண்ணன் என்றுதான் பெயர். வெள்ளம் வந்த வருஷம் குடிமக்கள் துணைப்படையில் சேர்ந்தார். துப்பாக்கியெல்லாம் இல்லை, ஒரு பச்சை மேலங்கி, ஒரு விசில், ஆபத்துக் காலத்தில் கூப்பிட்ட இடத்துக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான். அதையும் "நான் இப்ப ராணுவத்துல" என்று அளந்தார்.

இந்தத் தடவை ஆபத்து கைபேசி வழியாக வந்தது. குடிநீர்த் தொட்டியில் எதிரி நாட்டுக்காரன் விஷம் கலந்துவிட்டதாகவும், குடித்த ஒருவர் செத்தே போனதாகவும் எவனோ கிளப்பிவிட்டான். ஊரே குழாயை மூடிவிட்டுக் கால்வாய்த் தண்ணீரைக் குடித்தது. பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட இடமில்லை. துணைப்படையினரைத் தொட்டிக்குக் காவல் வைத்தார்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே தண்ணீரைச் சோதித்தார்கள். சுத்தமான தண்ணீர். "அவங்கவங்க தெருவுல போய்ச் சொல்லுங்க" என்று அனுப்பிவைத்தார் அதிகாரி. இவருடைய பட்டப்பெயர் அந்த மனுஷனுக்குத் தெரியாது, பாவம்.

புளுகுணி அண்ணன் தெருவுக்கு வந்து விஷயத்தைச் சொல்லி, தெருக்குழாயில் ஒரு சொம்பு பிடித்து எல்லோர் முன்னாலும் குடித்தார்.

"சிங்கத்துக்கே முடி வெட்டுனவரு! விஷம் இவரை என்ன பண்ணும்?" என்றார் எதிர்வீட்டுக்காரர். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இடத்தைவிட்டு நகரவில்லை.

"நல்லா சிரிங்க. பொய்யை எப்படிக் கட்டுறதுன்னு என்னைவிட இங்க யாருக்குத் தெரியும்? செத்தது யாரு? யாரோ ஒருத்தராம். பாத்தது யாரு? மச்சானோட சிநேகிதனாம். அப்படியே என் சரக்கு மாதிரி இருக்கு. என் பொய்யால உங்களுக்குப் பொழுது போச்சு. இந்தப் பொய்யால பிள்ளைங்க உயிர் போகும்."

சிரிப்பு நின்றது. ஆனால் அவர் நீட்டிய சொம்பை வாங்க ஒரு கையும் நீளவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் மனைவி வந்தாள். மழை பெய்கிறது என்று அவர் சொன்னால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்த பிறகே நம்புகிறவள்.

"நிஜமா?"

"நிஜம்."

அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு சொம்பை வாங்கித் தானும் குடித்தாள். இடுப்பிலிருந்த கடைக்குட்டிக்கும் புகட்டினாள். எதிர்வீட்டுக்காரர் குடம் எடுக்க உள்ளே ஓடினார்.

புளுகுணி மேலங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை நம்பியது இதுதான் முதல் தடவை.

"அழுகையெல்லாம் அப்புறம்," என்றாள் அவள். "பின்தெருவுல இன்னும் கால்வாய்த் தண்ணிதான் குடிக்கிறாங்க. நடங்க, நானும் வர்றேன்."