சிலோன் யானையும் என் இடது கையும்

செங்கம் ரோட்டில் இருக்கும் மூன்று மாடி லாட்ஜ் என்னுடையது. வெளிநாட்டுக்காரர்கள் குழந்தை குட்டிகளோடு வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வருவதற்கு முன்பே, அது முள்ளுக்காடாகக் கிடந்தபோதே, மனை பிடித்து வீடு கட்டினேன். அதற்கும் முன்னால் சிமெண்ட் கல் போடும் பட்டறை. அதற்கும் முன்னால் பஸ் ஸ்டாண்டில் மூட்டை. நான் படித்தது நாலாம் வகுப்பு. கைகொடுத்துத் தூக்கிவிட ஒருவரும் இல்லை. இத்தனையும் இடது கை தோளுக்கு மேல் எழும்பாத ஒருவன் செய்தது. கிரிவலம் வருகிறவர்கள் மலையைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுவார்கள். நான் இத்தனை வருஷமாக ஒற்றைக் கையால்தான் கும்பிடுகிறேன்.

அந்தக் கை எப்படிப் போனது என்பதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இப்போது தங்கச்சி வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கு ஒரு மலர் அச்சடிக்கிறார்கள். தங்கச்சி மகன் அதில் ஒரு பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினான். மூன்று வயதில் சிலோனில் காட்டு யானையிடம் மாட்டிய தன் அம்மாவைப் பிள்ளையாரே வந்து காப்பாற்றினார் என்று எழுதியிருக்கிறான். என் பெயர் இல்லை. அதனால்தான் இதை நானே எழுத உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, கல்யாணமாகி சிலோனுக்குப் போனவள். மதவாச்சிப் பக்கம் மாமா ஒரு அரிசி மில் வைத்திருந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அத்தை கடுதாசி மேல் கடுதாசி போட்டாள். ஒருநாள் அப்பா, "சிலோன் போறோம், கப்பல்ல" என்றார். அக்காக்கள் இருவரையும் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, என்னையும் தங்கச்சியையும் மட்டும் அழைத்துப் போனார்கள். நான் ஆண்பிள்ளை, அதனால் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அக்காக்களிடம் அளந்தேன். தங்கச்சி நான் ஊட்டினால்தான் சாப்பிடுவாள், நான் பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவாள். அதற்கும் பயணத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு அசதியாகிறது. விழுப்புரத்தில் ரயில் மாறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, வெயிலில் வரிசையில் நின்று, பெட்டியைத் திறந்து காட்டி, மூடி, மறுபடி திறந்து காட்டி, கப்பல் ஏறினோம். கப்பலில் தங்கச்சி வாந்தி எடுத்தாள். அம்மா எடுத்தாள். நானும் எடுத்தேன். அப்பா மட்டும் எடுக்கவில்லை. அதைப் பல வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புளிச்சோறு மூன்றாம் நாள் ஒரு வாடை அடித்தது. தலைமன்னாரில் இறங்கி, இன்னொரு ரயில். வழியெல்லாம் காடு. அம்மா ஜன்னலோரம் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். வாந்தியினால் வந்த களைப்பு என்று நினைத்தேன்.

மதவாச்சி ஸ்டேஷனுக்கு மாமா ஒரு பழைய வேனோடு வந்திருந்தார். அது பாதி வழியில் புகை விட்டுக்கொண்டு நின்றது. "தண்ணி ஊத்தணும், எறங்கி நில்லுங்க, எங்கயும் போய்டாதீங்க" என்று சொல்லிவிட்டு மாமா ஒரு தகர டின்னை எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனார். ரோட்டில் எங்களைத் தவிர ஒரு ஈ காக்கா கிடையாது.

அப்போதுதான் புதரிலிருந்து யானை வந்தது. வந்து, ரோட்டோரம் நின்று, புல்லைப் பிடுங்கி முழங்காலில் தட்டித் தட்டித் தின்றது.

வேறு ஊர்க்காரராக இருந்தால் வேனுக்குள் ஏறியிருப்பார்கள். நாங்கள் திருவண்ணாமலைக்காரர்கள். எங்களுக்கு யானை என்றால் கோயில் யானை. காசு கொடுத்தால் வாங்கிப் பாகனிடம் தரும், தலையில் தும்பிக்கையை வைக்கும், அவ்வளவுதான். காட்டில் ஒரு யானை யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"பாருடா, இங்கயும் கோயில் யானை! மேய வுட்டுருக்கானுங்க" என்றார் அப்பா.

"பாகன் எங்கங்க? காணோமே?" என்றாள் அம்மா.

"எங்கனா டீ குடிக்கப் போயிருப்பான். தந்தம் இல்ல பாரு. பொட்டச்சி. நம்ம கோயில் யானை கணக்கா சாதுவாத்தான் இருக்கும்."

சிலோனில் ஆண் யானைக்கும் பெரும்பாலும் தந்தம் இருக்காது என்று பிற்பாடு மாமா சொல்லித்தான் தெரிந்தது.

அப்பா இடுப்பில் செருகியிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தார். தங்கச்சி நெற்றியில் பட்டையாகப் பூசினார். ஸ்டேஷனில் வாங்கிய வாழைப்பழச் சீப்பை அவள் இரண்டு கைகளிலும் கொடுத்தார். அது அவள் முகத்தை மறைத்தது.

"போய் ஆசீர்வாதம் வாங்கலாம் வா. மொதல்ல பாப்பாவுக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஊரில் எந்த யானையானாலும் முதல் ஆசீர்வாதம் எனக்குத்தான்.

"நான்தானப்பா எப்பவும் ஃபர்ஸ்ட்டு?"

"சும்மா இருடா. இன்னிக்கி அவளுக்குத்தான்."

"அவளுக்கு என்னா தெரியும்? பயந்து அழுவா."

"இருடான்றேன்ல?"

அப்பாவின் குரல் உடைந்தாற்போல இருந்தது. அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பா தங்கச்சியின் முதுகில் கை வைத்து மெல்ல நடத்திப் போனார். யானை தின்பதை நிறுத்தியது. அப்பா நின்று, "போ கண்ணு, குடு" என்றார். அவள் மட்டும் தத்தித் தத்தி நடந்தாள். எங்கள் கோயில் யானையைப் பார்க்கும்போது செய்வதுபோலச் சிரித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து ஓடினேன். சீப்பைப் பிடுங்கிக்கொண்டு, வலது கையால் அவளை ஒரே தள்ளு. அவள் அப்பாவின் காலடியில் மல்லாந்து விழுந்து வீறிட்டாள். நான் சீப்பை இடது கையில் உயரத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஆசீர்வாதத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

காது விரிந்த சத்தம்தான் முதலில் கேட்டது. முறத்தை உதறியது போல. பிறகு என் கை என்னிடம் இல்லை. ஆகாசம் காலுக்குக் கீழே போனது. ரோட்டோரப் பள்ளத்தில் கிடந்தேன். கரைமேல் மாமா டின்னைக் கல்லால் அடித்துக்கொண்டு கத்தினார்: "ஓடுங்கடா! காட்டு யானைடா அது! அறிவு கெட்டவனுங்களா, ஓடுங்க!" டின் சத்தத்துக்கு யானை ஒரு சுற்று சுற்றி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு, வாழைப்பழச் சீப்போடு புதருக்குள் போய்விட்டது.

அம்மா ஓடிவந்து முதலில் தங்கச்சியைத்தான் வாரியெடுத்தாள். நான் பள்ளத்தில் கிடந்தபடி பார்த்தேன். அப்பாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "இவள நான் குடுக்க மாட்டேன். கேட்டுக்கோங்க. நான் குடுக்க மாட்டேன்" என்றாள். அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. யானைதான் போய்விட்டதே, இனி யாருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தை வீட்டில் ஒரு வாரம் இருந்தோம். அந்த ஊர் வைத்தியர் எண்ணெயும் இலையும் வைத்து என் கையைக் கட்டினார். எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. அத்தை தங்கச்சிக்குக் கவுன் தைத்து ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தாள். ஒன்று மட்டும்தான் சரியாக இருந்தது. மற்றவை ஐந்து வயதுக்கு, ஆறு வயதுக்கு, எட்டு வயதுக்கு. "என்னாத்த, இவ்ளோ பெருசா தெச்சிருக்க?" என்று சிரித்தேன். அத்தை அவற்றை மடித்து மடித்து வைத்தாள். கிளம்பும் அன்று பெட்டியோடு அம்மா கையில் கொடுத்தாள். "வளந்தா போடட்டும்" என்றாள். ஸ்டேஷனுக்கு அவள் வரவில்லை. எனக்கு அது மரியாதைக்குறைவாகப் பட்டது.

ஊருக்கு வந்தபின் கை சரியாகும்வரை என்று பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். கை சரியாகவில்லை. பள்ளிக்கூடம் நின்றது நின்றதுதான். தங்கச்சி அந்தக் கவுன்களை ஒவ்வொன்றாகப் போட்டுத் தீர்த்து, டீச்சர் வேலைக்குப் போனாள்.

பத்து வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. சிலோனில் நடந்த கலவரத்தில் மாமாவின் மில்லும் வீடும் எரிந்தன. இருவரும் கட்டிய துணியோடு கப்பலில் வந்து, எங்கள் வீட்டில்தான் இறங்கினார்கள். நான் அப்போது பட்டறையில் கல் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் இடது கையைத் தடவிப் பார்த்தாள்.

"நீ மட்டும் ஓடிப்போய் அவளத் தள்ளி அந்த யானைய மெரட்டாம இருந்திருந்தா, உங்கம்மா மனசு மாறியிருக்காது, அவ எங்கிட்ட இருந்திருப்பா. எனக்குத் தரதா சொல்லித்தான்டா உங்கப்பன் கூட்டியாந்தான்" என்றாள். என் கையை மறுபடி தடவினாள். "பத்து வருஷம் உன்ன மனசுக்குள்ள திட்டினு இருந்தேன். வீடு எரியறப்ப, நல்லவேள அவ இங்க இல்லன்னு உன்னத்தான்டா நெனச்சேன்."

விபூதி எதற்கு, "இன்னிக்கி அவளுக்குத்தான்" எதற்கு, அவளை அத்தையிடம் பழக்கிவிடத்தான் என்னையும் அழைத்துப் போனார்கள் என்பதெல்லாம் அன்று சிமெண்டுக் கையோடு உட்கார்ந்திருந்தபோது ஒன்றாக விளங்கியது. அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? பிறகு அவரும் போய்விட்டார். அம்மாவும் போய்விட்டாள். மாமாவும் அத்தையும் போனபின், நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. எனக்கும் தெம்பு குறைந்துகொண்டே வருகிறது.

தங்கச்சி மகனுக்குச் சொல்கிறேன். பிள்ளையாருக்கு ஒரு வரி இருக்கட்டும், அதை அடிக்க வேண்டாம். அன்று நான் தள்ளியது பாசத்தில் இல்லை, பொறாமையில்தான். அதையும் வேண்டுமானால் போட்டுக்கொள். ஆனால் தள்ளியது நான். கை கொடுத்ததும் நான். உன் அம்மா இந்த ஊரில் வளர்ந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, உன்னைப் பெற்றது அந்த ஒரு தள்ளால்தான். மலர் அச்சுக்குப் போவதற்கு முன் அந்தப் பக்கத்தில் என் பெயரைப் போடு.