வந்தவர் பேரில் சீட்டு

என் மாமியாருக்கு பஸ் ஏறினால் வாந்தி, ஊசியைப் பார்த்தால் அழுகை. ஊருக்கு வந்த நர்ஸம்மா பரிசோதித்து, ரத்தக்கொதிப்பு அதிகம், டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னபோதும் அவர் அசையவில்லை. அதனால் என் வீட்டுக்காரர்தான் ஜேடர்பாளையத்திலிருந்து பைக்கில் போய் டாக்டரிடம் அளவைச் சொல்லி மாத்திரை எழுதி வாங்கி வந்தார். அப்புறம் மாதாமாதம் அதே கதை. அங்கே டோக்கன் கொடுக்கிற பெண் யார் வந்தார்களோ அவர் பேரை எழுதுவாள். அத்தனை மருந்துச் சீட்டிலும் என் வீட்டுக்காரர் பேர். எங்களுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பாதி ஊர் இப்படித்தான் மருந்து வாங்குகிறது.

மாமியார் போய்ச் சேர்ந்த வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்து மருத்துவக் காப்பீடு எடுத்தோம். ரத்தக்கொதிப்பு உண்டா என்ற கேள்விக்கு இருவருமே இல்லை என்று போட்டோம். அது உண்மை.

மூன்றாம் வருடம், முட்டை லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று அடைப்பு என்றார்கள். உடனே பைபாஸ் செய்துவிட்டால் பழையபடி லாரி ஓட்டலாம் என்றும் சொன்னார்கள். காப்பீட்டுக் கம்பெனி சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

கம்பெனியிலிருந்து ஒருவர் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். மரியாதையான ஆள். பழைய மருத்துவக் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். காகிதம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நேர்மை என்று நினைக்கிற ஜனம் நாங்கள். காகிதமெல்லாம் போட்டு வைத்திருந்த மஞ்சப்பையை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். உள்ளே மாமியாரின் சீட்டுகளும் இருந்தன. ஒன்றைக்கூட நான் தூரப்போட்டதில்லை என்று பெருமை வேறு.

"இதையெல்லாம் போட்டோ எடுத்துக்கலாமுங்களா?" என்றார்.

"தாராளமா எடுத்துக்குங்க சாமி. டீ குடிச்சுட்டுப் போங்க" என்றேன்.

என் வாயில் மண்ணைப் போட. நாலே நாளில் பதில் வந்தது. அந்தச் சீட்டுகளின்படி, பாலிசி எடுக்கும் முன்பே இருந்த ரத்தக்கொதிப்பை என் வீட்டுக்காரர் மறைத்துவிட்டாராம். ஆபரேஷனுக்குச் சம்மதமில்லை. அவர் பேரை பாலிசியிலிருந்து எடுத்துவிட்டு, என் பேரை மட்டும் பெரிய மனது பண்ணி விட்டுவைத்திருந்தார்கள்.

வெள்ளாமை பண்ணுகிற காட்டை விற்றாவது ஆபரேஷனைச் செய்துவிடலாம் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. "நாம பொய் சொல்லலியே. கம்பெனிக்கு மேல கவர்ன்மென்ட்டு இருக்குது. அவிங்க கேப்பாங்க. அதுக்குள்ள எதுக்குக் காட்டை விக்கோணும்?" என்றார். அந்த நம்பிக்கையின் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. அன்றைக்கு அவரோடு சண்டை போட்டாவது விற்க வைத்திருக்க வேண்டும்.

அரசு இணையதளத்தில் புகார் போட்டோம். அவர்கள் அதை அதே கம்பெனிக்கு அனுப்பி, அதே பதிலை வாங்கி எங்களுக்குத் தந்தார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி. அடுத்து காப்பீட்டுக் குறைகளைத் தீர்க்கும் அதிகாரிக்கு மனு. விசாரணைக்குத் தேதி வர மாதங்கள் ஆயின. அதற்குள் சாட்சிக்காக, மாத்திரை எழுதித் தந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். மாத்திரை மாமியாருக்குத்தான் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று கெஞ்சினேன்.

"ஆளைப் பாக்காமயே மருந்து எழுதுனேன்னு நானே எழுதித் தரோணுமாம்மா?" என்றார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

விசாரணை போனில், வீடியோவில்தான் நடந்தது. குடத்தின் மேல் போனைச் சாய்த்து வைத்து, வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "உங்கம்மா பேர்ல ஒரே ஒரு சீட்டாவது இருக்கா?" என்றார்.

"அவிங்க பஸ் ஏற மாட்டாங்களே அய்யா" என்றார் இவர்.

அதிகாரி கோப்பை இன்னொரு முறை புரட்டினார். அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன். ஆனால் நம்பிக்கையைக் கோப்பில் வைக்க முடியாதே.

தீர்ப்புக்குக் காத்திருந்தபோது இரண்டாம் முறை நெஞ்சுவலி வந்தது. இனி ஆபரேஷனை இதயம் தாங்காது, மாத்திரையில் ஓட்டுங்கள் என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். மனு தள்ளுபடி என்ற கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மஞ்சப்பையில் போடச் சொன்னார். காட்டை இப்போது விற்றாலும் வாங்குவதற்கு ஒன்றுமில்லை.

இப்போது அவர் வாசலுக்கு நடந்தாலே மூச்சு வாங்குகிறது. போன மாதம் மாத்திரை தீர்ந்த அன்று, மாமியாருக்கு எழுதித் தந்த அதே டாக்டரிடம் நான் போனேன். டோக்கன் கொடுக்கிற பெண் பேர் கேட்டாள். அவர் பேரைச் சொன்னேன்.

"அவரு வந்திருக்கறாருங்களா?"

"இல்ல சாமி. அவரால வர முடியாது."

"அப்ப உங்க பேர்லதானுங்க போடோணும். வந்தவங்க பேர்லதான் சீட்டு."

அவளிடம் சண்டை போட வேண்டும் என்று வாய்வரை வந்தது. பின்னால் வரிசை நின்றது. வீட்டில் மறுநாள் காலைக்கு ஒரு மாத்திரைகூட இல்லை.

என் பேரைச் சொன்னேன்.