நிற்கக் கூடாத காலும் உட்காரக் கூடாத கடையும்

சேலைக்கடையில் விற்பனைப் பெண்ணாகச் சேர முதல் தகுதி இரண்டு கால்கள். வாய், அழகு, ஆங்கிலம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கவுண்டருக்குப் பின்னால் நாள் முழுக்க நின்று பழகிய சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சிராங்கூன் சாலைக் கடையில் என்னைச் சேர்த்துக்கொண்டது என் கான்வென்ட் ஆங்கிலத்துக்காக. செம்பவாங் கடற்படைத் தளத்து வெள்ளைக்கார அம்மாக்கள் ஊர் திரும்புமுன் பட்டு வாங்க வருவார்கள். அவர்களோடு பேச ஆள் வேண்டும். அதே தளத்தில்தான் என் கணவருக்கும் வேலை. வெள்ளைக்காரர்கள் தளத்தை மூடிவிட்டுப் போகப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அதாவது, என் வாடிக்கையாளர்கள் கப்பலேறும்போது எங்கள் வீட்டுச் சம்பளமும் கூடவே கப்பலேறிவிடும். என் வேலையோ இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. "பொம்பளைங்களை வேலைக்கு வெச்சுப் பழக்கமில்ல, பார்ப்போம்" என்றிருந்தார் முதலாளி. அந்தப் 'பார்ப்போம்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பித்தான் பிள்ளையை அடுத்த வீட்டு லெட்சுமி அக்காவிடம் விட்டுவிட்டுத் தினமும் ஓடினேன்.

பால் கேன்

அப்படி ஓடிய ஒரு காலையில், பஃபலோ ரோட்டு முனையில் பால்காரரின் சைக்கிள் எதிரே வந்தது. அவர் ஒதுங்கினார். நானும் மரியாதையாக அதே பக்கம் ஒதுங்கினேன். சைக்கிளில் தொங்கிய பால் கேன் என் முழங்காலுக்குக் கீழே ஓர் இடி இடித்தது. காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மனிதர் பதறிப்போய் இறங்கி ஓடி வந்தார். கேனைத் திறந்து பார்த்தார். மூடினார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"பாத்து வரக்கூடாதாம்மா? நல்லவேளை, பால் சிந்தல."

டாக்டரின் உத்தரவு

மாலைக்குள் கால் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. கான்வென்டில் படித்த இந்துப் பெண்ணுக்கு இரண்டு மதத்துப் பயமும் உண்டு. சிஸ்டர்கள் சொன்ன நரகமும் அம்மா சொன்ன சனியும் சேர்ந்து என் காலில் இறங்கிவிட்டதாகவே நினைத்தேன். காலை எடுத்துவிடுவார்களோ, பிள்ளையை யார் தூக்குவது என்று அழுதுகொண்டே யாழ்ப்பாணத்து டாக்டரிடம் போனேன். அவர் ஒற்றை விரலால் அழுத்திப் பார்த்தார். எலும்பெல்லாம் சரியாக இருக்கிறதாம், வெறும் கன்றல்தானாம். இவ்வளவு கண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் பெரிய காயமாகக் கொண்டுவந்திருக்கலாமே என்பதுபோல ஒரு பார்வை வேறு. வேலைக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"தாராளமாப் போம். படுத்துக் கிடந்தால்தான் விறைக்கும். நடவும், இடைக்கிடை இரும். ஒரே இடத்தில நிக்கிறது மட்டும் கூடாது."

மாடிப்படி

எங்கள் கடையில் நடக்க இடமில்லை, உட்கார அனுமதியில்லை. நிற்பதற்குத்தான் சம்பளம். கால் அடிபட்டது என்று வாய் திறந்தால், முதலாளி பார்த்தது போதும் என்று அனுப்பிவிடுவார். எனவே சொல்லவில்லை. மாடியில் சரக்கு அறை இருந்தது. யாராவது "வேற கலர்" என்று ஆரம்பிக்கும்போதே நான் பாதிப் படியில் இருப்பேன். கேட்காத கலருக்கும் போனேன். மேலே துணி மூட்டைமேல் சற்று உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வேன். டாக்டர் சொன்ன நடையும் ஆயிற்று, இருப்பும் ஆயிற்று. கல்லாவிலிருந்த முதலாளி என்னைப் பார்த்துவிட்டு மற்றவர்களைப் பார்க்கத் தொடங்கினார். மூத்த விற்பனையாளர் மாணிக்கம் அண்ணன் என்னைப் படியிலேயே மறித்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் மெதுவாப் போங்களேன். நீங்க இப்படி ஓடுனா, நாங்க இத்தனை வருஷமா சும்மா நின்னுக்கிட்டிருந்தது முதலாளிக்குத் தெரிஞ்சுடும்."

மரியாதை

ஒரு வெள்ளைக்கார அம்மா தோழியோடு வந்தார். பட்டை விரித்துக்காட்டக் காலை முன்வைக்கும்போதெல்லாம் வலியில் என் முழங்கால் தானாக மடங்கியது. அந்த அம்மா உருகிவிட்டார். அரண்மனையில் ராணிக்குச் செய்வதுபோல முழங்கால் மடக்கி வணங்குகிறேனாம்! யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். கான்வென்ட் சிஸ்டர்கள் என்றேன். பால்காரருக்குச் சேர வேண்டிய புகழ் அது. அந்த அம்மா கூடுதலாக ஒரு பட்டுத்துண்டு வாங்கிக்கொண்டு தோழியிடம் ஆங்கிலத்தில் சொன்னார்:

"பார்த்தாயா? இவர்களை விட்டுவிட்டு எப்படித்தான் போவது!"

மஞ்சள்

நடக்கச் சொல்கிறவரெல்லாம் ஒரு டாக்டரா என்று லெட்சுமி அக்காவுக்குக் கோபம். தினமும் காலையில் மஞ்சளையும் உப்பையும் குழைத்து என் காலில் அப்பிவிடுவார். அதோடுதான் கடைக்குப் போவேன். ஒரு சனிக்கிழமை, கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வந்தது. உடுத்தினால் எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னார்கள். கடையிலேயே விலை கூடிய சேலையை என்மேல் போட்டுக்காட்டிவிட்டு மடித்தால், மூலையில் கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள்!

என் வேலை போயிற்று என்று அங்கேயே முடிவுகட்டிவிட்டேன். கணவருக்கு எப்படிச் சொல்வது என்பதைக்கூட மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். கல்யாணப் பெண்ணின் அம்மா அந்த மூலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"புதுத்துணிக்கு மஞ்சள் வெக்கிற முறையே இங்க எல்லாருக்கும் மறந்துபோச்சுன்னு நெனச்சேன். நீங்க வெச்சே குடுக்குறீங்களே! இதையே மடிச்சுக் குடுங்க."

பார்த்துவிட்டார்

அவர்கள் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் கண் என் சேலை விளிம்பில் இருந்த மஞ்சள் கறைமேல் இருந்தது. காலில் என்ன என்றார். பால் கேன், டாக்டர், மாடி, மூட்டைமேல் உட்கார்ந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டேன். அவர் கல்லாவைப் பூட்டினார். பிறகு மாணிக்கம் அண்ணன் நின்ற பக்கம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"கால் நல்லா இருக்கிறவன் எவனும் மேல ஏற மாட்டேங்கிறான். அடுத்த மாசத்துலேர்ந்து இந்தம்மா நிரந்தரம். மாடிச் சரக்கு பூராவும் இவங்க பொறுப்பு."

என் காலில் கன்றியது நீலமாகி, பச்சையாகி, ஒருவழியாகப் போயே போய்விட்டது. மாடிப்படிதான் போகவே இல்லை.