சாட்சிக்கு ஒரு வார மௌனம்

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஞாயிறு மதியங்களில் மாடி அறையில் ஏழு பேர் கூடி ஓநாய் ஆட்டம் ஆடுவோம். சீட்டு எடுத்தவர்களில் இருவர் ஓநாய்கள், மற்றவர்கள் ஊர்க்காரர்கள். நான் திரையை இழுத்துவிட்டு, "எல்லாரும் கண்ண மூடுங்க" என்பேன். ஓநாய்கள் மட்டும் கண் திறந்து, யாரைக் கொல்வது என்று விரலால் காட்டுவார்கள். பிறகு எல்லோரும் விழித்து, ஓநாய் யாரென்று சண்டை போட்டு, ஒருவரைத் தூக்கில் போடுவோம். செத்தவர் தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார வேண்டும். அது எங்கள் வழக்கம்.

ஆட்டத்தை நடத்துவதும் விதி எழுதுவதும் நான்தான். தொம்மலூரில் சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. சாட்சி என்று ஒரு வேடம் வைத்திருந்தேன். மற்றவர்கள் கண் மூடியிருக்கும்போது சாட்சி ஒருவரைக் காட்டலாம். அவர் ஓநாயென்றால் நான் கட்டைவிரலை உயர்த்துவேன். ஆனால் சாட்சிகள் பார்த்ததோடு நிற்கவில்லை. பார்க்காதவரையும் ஓநாய் என்று அடித்துவிட்டார்கள், ஊரும் நம்பியது. இவ்வளவு பலத்துக்கு ஒரு அபராதம் வேண்டாமா? சாட்சியை நம்பி ஊர்க்காரரைத் தூக்கில் போட்டுவிட்டால், அடுத்த ஞாயிறு ஆட்டம் தொடங்கும்வரை எங்களில் யாரிடமும் சாட்சி பேசக் கூடாது. எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றைக்குச் சாட்சிச் சீட்டு என் மனைவிக்கு. அவள் விரல், ஹெப்பகோடியிலிருந்து வந்திருந்த தன் தம்பி பக்கம் நீண்டது. திரை மூடிய மங்கலில், அவனை ஒட்டி உட்கார்ந்திருந்தவனைக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அந்த ஆள் ஓநாய். கட்டைவிரலை உயர்த்தினேன்.

"என் தம்பிதான் ஓநாய். நான் பாத்தேன்," என்றாள்.

"அக்கா, சத்தியமா நான் இல்லக்கா!"

தூக்கில் போட்டோம். சீட்டைத் திருப்பினால் ஊர்க்காரன். பார்க்காமலே அடித்துவிட்டாள் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். என் தவறு அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் ஆட்டம் செல்லாது. ஆசையாகச் செய்த விதி முதல் நாளே நாறிப்போகும். வாயை மூடிக்கொண்டேன்.

திங்கள் காலை டீ வந்தது, குரல் வரவில்லை. முதலில் சிரிப்பாக இருந்தது. பால்காரரிடம் கன்னடத்தில் நன்றாகவே பேசினாள். நான் வாசலுக்கு வந்ததும் பாதியில் நிறுத்தினாள். செவ்வாயன்று குளியலறைக் கதவுக்குப் பின்னால் அவள் சிரிப்பது கேட்டது. தட்டினேன். அதன்பின் தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. புதன்கிழமை வேலை விட்டு வந்தபோது, அவள் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"விளையாட்டு போதும்மா. பயமா இருக்கு," என்றேன். உண்மையாகவே பயமாக இருந்தது. அவள் கழுத்துகூடத் திரும்பவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்ல அப்போதும் வாய்வரை வந்தது. ஞாயிற்றுக்கிழமை தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை அவளுடைய நாற்காலி மேசையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. என்னுடையது சுவரைப் பார்த்தது. யாரும் பார்க்குமுன் அவசரமாகத் திருப்பிப் போட்டேன். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

ஞாயிறன்று எல்லோரும் வந்தார்கள். நான் சீட்டுக்கட்டை எடுத்தேன், அபராதம் முடிந்தது. அவள் முதலில் என்ன பேசுவாள் என்று எல்லோரும் ஆவலாகக் காத்திருந்தார்கள்.

"அன்னைக்கு கட்டைவிரலத் தூக்குனது நீங்கதானே?" என்றாள் என்னிடம்.

"நீ பக்கத்துல இருந்தவரக் காட்டுறேன்னு நெனச்சிட்டேன்," என்றேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும். தப்பு யாருக்கும் வரும். நீங்களா சொல்றீங்களான்னுதான் ஒரு வாரம் பாத்தேன்."

அவள் தம்பி எழுந்து, என் கையிலிருந்த சீட்டுக்கட்டை வாங்கி அக்காவிடம் கொடுத்தான். என் நாற்காலியை நானே சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்தேன். யாராவது திரும்பி உட்காரச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் திரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"எல்லாரும் கண்ண மூடுங்க," என்றாள்.